எனக்கு இன்னா சார் பண்டிகை

தீபாவளி அன்று அவரை அவர் வீட்டில் பார்த்தவர் கிடையாது. பொங்கலுக்கும் கிடையாது, ஆயுத பூஜைக்கும் கிடையாது. ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணியின் மடிப்புக் கலையாமல் வாசலில் நிற்கும் நேரத்தில், அவர் மட்டும் வெளுத்த பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கக்கத்தில் குடையை இடுக்கிக்கொண்டு திருவள்ளூர் ஸ்டேஷன் பக்கமாகப் போய்க்கொண்டிருப்பார். கையில் பலகாரம் இருக்காது. ஒரு எலுமிச்சம்பழம்கூட இருக்காது. அந்தக் காலத்தில் மேலதிகாரியைப் பார்க்கப் போகிறவன் எலுமிச்சம்பழம் இல்லாமல் போகமாட்டான். இவர் வெறுங்கையோடு போவார். அந்த வெறுங்கைதான் அவருடைய வித்தை.

பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் கம்பெனியில் அவருக்குப் ‘பண்டிகைக்காரர்’ என்றுதான் பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், கோபிக்க மாட்டார்.

அது பாட்டில் கம்பெனி. திருவள்ளூரைத் தாண்டி வயலுக்கு நடுவில் இருந்தது. மணலை ஃபர்னஸில் உருக்கி, ஊதி, பாட்டிலாக்கி மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். அவருக்கு பேக்கிங்கில் வேலை. வைக்கோலைப் பரப்பி, பாட்டிலை அடுக்கி, பெட்டியை ஆணியடித்து மூட வேண்டும். நான் பாட்டில் அச்சு கடையும் லேத்தில் இருந்தேன். ஐந்தாம் வகுப்பில் பாதி படித்தவன் நான். மீதிப் பாதியை லேத்தில் படித்தேன். இன்றைக்குக் காக்களூரில் இறங்கி என் ஷெட் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரன் கடையை விட்டு இறங்கி வந்து வழி காட்டுவான். அதையெல்லாம் சொல்ல இங்கே உட்காரவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட்டால் தெரியாது பாருங்கள்.

என்னை கம்பெனியில் எடுத்த இரண்டாம் வருஷமே பர்மனென்ட் ஆக்கிவிட்டார்கள். கைவேலை அப்படி. அவரை ஆக்கவில்லை. எனக்கு முன்னால் சேர்ந்தவர், டெம்பரரியாகவே கிடந்தார். பேக்கிங்கில் யாரை வைத்தாலும் வேலை நடக்கும், அதனால் யாரையும் நிலையாக வைக்க மாட்டார்கள். சீசன் இல்லை என்றால் “போய்ட்டு அப்பறம் வா” என்பார்கள். அப்படிப் போய்விட்டுத் திரும்பி வந்தால், அவர் இடத்தில் வேறொருவன் வைக்கோல் பரப்பிக்கொண்டிருப்பான்.

அவருக்கு பர்மனென்ட் வேண்டும். அவர் மனைவிக்கு ஒரு தீபாவளி வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கட்டியிருந்தது. அந்த அம்மாள் ஆந்திரா எல்லையில் ஆரம்பாக்கத்தில் நெல் வயல் வைத்திருந்த வீட்டுப் பெண். பேச்சில் தெலுங்கு வாடை அடிக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து புருஷன் தலையில் தீபாவளி எண்ணெய் வைக்கவில்லை என்பது அவருடைய குறை. அதைத் தெருவில் நின்றே சொல்வார்.

“இந்த மனுசனுக்கு தீபாவளி நோம்புக் கயிறு கட்டலாம்னா கை இங்க இல்ல தம்பி. போன வருசம் கட்டில் கால்ல கட்டினேன். அந்தக் கட்டிலுதான் நல்லா கீது.”

“பர்மனென்ட் ஆவட்டும்டி. அப்பறம் பாரு, தீபாவளிக்கு ஊட்ட உட்டு நகர மாட்டேன். இத்தினி நாள் எண்ணெயையும் ஒரே நாள்ல தேய்ச்சிக்கறேன்” என்பார் இவர்.

“எண்ணெ கெட்டுப்பூடும்” என்பார் அந்த அம்மாள்.

இப்போது என் மாப்பிள்ளை இருக்கிறார், பெரிய படிப்பு. நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தால் போதும், ‘நெட்வொர்க்கிங்’ என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கேயோ ஓட்டலில் முன்னே பின்னே தெரியாதவர்களோடு நின்றுகொண்டே சாப்பிட்டு, பெயர் அச்சடித்த அட்டையைக் கொடுத்துவிட்டு வருவார். “மாமா, லீவுலதான் பெரிய ஆளுங்க ரிலாக்ஸா இருப்பாங்க, அப்பதான் பிடிக்கணும்” என்று எனக்குப் பாடம் நடத்துகிறார். எனக்கு! எங்கள் பண்டிகைக்காரர் இந்த வித்தையில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அவருடைய கணக்கு இது. ஒருநாள் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து எனக்கு விளக்கினார்.

“தீபாவளி கொண்டாடற ஊட்டுக்குப் போனா நாம நூத்துல ஒருத்தன். மூஞ்சகூட பாக்க மாட்டான், தட்டைப் பாப்பான். கொண்டாடாத ஊட்டுக்குப் போனா நாம ஒருத்தன்தான். சாவற வரைக்கும் மறக்க மாட்டான்.”

புரிகிறதா? அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் பண்டிகை கிடையாது. பலகாரம் கொண்டுபோகக் கூடாது, வாழ்த்துச் சொல்லக் கூடாது. எதைச் சொல்வது என்று தெரியாமல் ஜனங்கள் அந்த வாசலையே தாண்டிப் போய்விடுவார்கள். தெருவெல்லாம் பட்டாசு வெடிக்கும், அந்த வீட்டில் மட்டும் ஃபேன் சத்தம். அங்கே போய் உட்காருவார் இவர். ஒன்றும் பேசமாட்டார். தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். அவர்கள் செத்தவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டிருப்பார். எழுந்து வரும்போது “வரேன்” என்று சொல்லமாட்டார், தலையை மட்டும் அசைப்பார்.

எந்த வீட்டில் சாவு என்று அவருக்கு எப்படித் தெரியும்? திருவள்ளூரில் இருப்பவனுக்கு அதற்குப் பஞ்சமா? அமாவாசை என்றால் பெருமாள் கோயில் குளத்தில் எள்ளும் தண்ணீரும் விட எங்கிருந்தெல்லாமோ வந்து இறங்குவார்கள். மெட்ராஸிலிருந்து, அரக்கோணத்திலிருந்து, எங்கள் கம்பெனி ஆபீஸிலிருந்தும்தான். இவர் படிக்கட்டில் உட்கார்ந்து, வேண்டுதலுக்குக் குளத்தில் வெல்லம் கரைக்கிறவர் மாதிரி, யார் புதிதாக வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக ஒருவன் தர்ப்பைப் புல்லோடு உட்கார்ந்தால் அந்த வீட்டில் இந்த வருஷம் தீபாவளி இல்லை. அவ்வளவுதான், இவருக்கு விலாசம் கிடைத்தாயிற்று.

எனக்கு இது பிடிக்கவில்லை. நேராகவே கேட்டேன்.

“அண்ணே, சாவு எங்கன்னு மோப்பம் புடிச்சிகினு திரியறியே, கூச்சமா இல்ல?”

அவர் வைக்கோலை உருவிக்கொண்டே சொன்னார்: “நான் எதிர்ல உக்காந்திருக்க சொல்ல அவங்க அழுதாங்களே, அது இன்னா பொய்யா? எனக்கு பர்மனென்ட் வேணும்தான். அதுக்கோசரம் அவன் அப்பன் சாவாம இருப்பானா?”

நான் லேத்துக்குத் திரும்பிப் போனேன். பேச்சில் என்னை மடக்கியவர் அவர் ஒருத்தர்தான்.

இந்த வித்தை ஒருமுறை காலை வாரியது. நானே கூட இருந்தேன்.

டைம் ஆபீஸில் ஒரு கிளார்க். பர்மனென்ட் ஆக்குகிறவர்களின் பெயரை மேலே எழுதி அனுப்புகிறவர் அவர்தான். வீடு கும்மிடிப்பூண்டியில். ஐப்பசி பிறப்பதற்கு முந்தின அமாவாசையில் அந்த கிளார்க்கைக் குளத்தங்கரையில் இவர் பார்த்திருக்கிறார். தலை மொட்டை, மீசையும் இல்லை. அவருடைய தாயார் ரொம்ப நாளாகப் படுக்கை என்று ஆபீஸில் பேச்சு. இவர் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிவிட்டார்.

“தம்பி, நீயும் வா. துணைக்கு ஒரு ஆள் இருந்தா மரியாதையா இருக்கும்” என்றார். தீபாவளி நாளில் என்னை இழுத்துக்கொண்டு மெட்ராஸ் போய், அங்கே ரயில் மாறி, கும்மிடிப்பூண்டிக்குப் போனார். ரயிலிலேயே முகத்தைத் தொங்கப் போட்டுப் பழகிக்கொண்டு வந்தார்.

கிளார்க் வீட்டு வாசலில் பெரிய கோலம். அதைப் பார்த்ததும் நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் கவனிக்கவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, கிளார்க்கின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“பெத்தவங்க போனப்பறம் இன்னா சார் கீது. மனச வுட்றாதீங்க” என்றார்.

கிளார்க் முழிக்கிறார். அப்போது உள்ளேயிருந்து ஒரு கிழவி, நல்ல ஜரிகைப் புடவையில், முறுக்குத் தட்டோடு வந்து நின்றாள்.

“எவுரு நைனா இவங்க? யாரு போனது?”

பண்டிகைக்காரர் கிழவியைப் பார்த்தார். மொட்டைத் தலையைப் பார்த்தார். மறுபடி கிழவியைப் பார்த்தார்.

“அடப் பாவி!” என்றாள் கிழவி. விஷயம் அவளுக்குத்தான் முதலில் பிடிபட்டது. “நான் எழுந்து நடந்தா முடி தரேன்னு எம்புள்ள ஏழுமலையானுக்கு வேண்டிகினாண்டா! திருப்பதி போய்ட்டு வர வழியில கொளத்துல கால் நனைச்சான். அத்த பாத்துட்டு என்னெ அனுப்பிட்டியா நீ?”

திருத்தணியும் திருப்பதியும் பக்கத்தில் இருக்கிற ஊர்க்காரன், மொட்டையைப் பார்த்து சாவு என்று நினைக்கலாமா? ஊரில் பாதித் தலை எப்போதும் மொட்டைதான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் முறுக்கைத் திணித்துக்கொண்டேன். நல்ல முறுக்கு. திரும்பி வரும்போது ரயிலில், பொன்னேரி தாண்டியபிறகு, “கெழவி நல்லா கீறா இல்ல?” என்றார். அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்றே எனக்குப் பட்டது.

அந்த வருஷம் பர்மனென்ட்டுக்குப் போன பெயர்களில் அவர் பெயர் இல்லை. கிளார்க் எழுதவில்லை. யார்தான் எழுதுவார்கள்?

அடுத்த வருஷம் ஒர்க்ஸ் மேனேஜரின் மனைவி இறந்துபோனார். இது சந்தேகத்துக்கு இடமில்லாத சாவு, கம்பெனிக்கே அரை நாள் லீவு விட்டார்கள். மேனேஜர் மேற்கே கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பிள்ளை குட்டி கிடையாது. எதற்கெடுத்தாலும் சீறுவார். தீபாவளி வந்தது. முந்தின வருஷங்களில் எலுமிச்சம்பழத்தோடு அவர் பங்களா வாசலில் வரிசையில் நின்றவர்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இவர் போனார்.

நடந்ததை மறுநாள் எனக்கு ஒன்றுவிடாமல் சொன்னார். மேனேஜர் ஈஸிசேரில் இருந்திருக்கிறார். நேற்றுப் போட்ட சட்டை. இவரை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. இவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வெளியே பட்டாசு வெடிக்கும்போதெல்லாம் மேனேஜர் கண்ணை மூடிக்கொள்வாராம். ரொம்ப நேரம் கழித்து மேனேஜரே வாயைத் திறந்தார்.

“அவ இருந்திருந்தா இந்நேரம் என்னை எழுப்பிக் குளிக்கச் சொல்லி மூணு சண்டை போட்டிருப்பா.”

“ஆமா சார்” என்றார் இவர்.

“வருஷா வருஷம் எண்ணெய் வேண்டாம்னு ஓடுவேன்.”

“ஆமா சார்.”

அப்புறம் மேனேஜர் திரும்பி இவரை முதல்தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறார். “ஏம்ப்பா, நீ இங்கேயே உக்காந்திருக்கியே. உனக்குப் பண்டிகை இல்லையா?”

இவர் மரியாதைக்கு ஒரு பதில் சொன்னார். நாமெல்லாம் சொல்கிற பதில்தான். நீங்கள் சாப்பிடாதபோது எனக்கு என்ன சாப்பாடு என்பதுபோல.

“எனக்கு இன்னா சார் பண்டிகை.”

அந்த வார்த்தையை மேனேஜர் அப்படியே எடுத்துக்கொண்டார். கோயம்புத்தூர்க்காரர் பாருங்கள், நம் பக்கத்துப் பேச்சின் வளைவு அவருக்குத் தெரியாது. இந்த ஆளுக்கு வீடு வாசல் ஒன்றும் இல்லை, பண்டிகையும் இல்லை என்று மனதில் எழுதிக்கொண்டார்.

பிறகு பொங்கலுக்கும் போனார் இவர். தெலுங்கு வருஷப் பிறப்புக்கும் போனார். மேனேஜர் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்படி ஒருநாள் உட்கார்ந்திருந்தபோதுதான் இவர் மேனேஜரிடம் என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னாராம், நம்ப அச்சுக்காரப் பையன் தனியா லேத்து போடப்போறான், வேலை சுத்தமா இருக்கும் என்று. காக்களூரில் நான் ஷெட் போட்டதும் வந்த முதல் ஆர்டர் பாட்டில் கம்பெனி ஆர்டர்தான். அது அவர் வாயால் வந்தது என்று அவர் மனைவி இன்றுவரை சொல்கிறார். இருக்கலாம். வாய் அவருடையது, அச்சைக் கடைந்த கை என்னுடையது. வாயால் அச்சு கடைய முடியாது.

பர்மனென்ட் ஆர்டர் வந்தது. பண்டிகைக்காரர் அதை வாங்கப் போனபோது மேனேஜர் அவர் தோளில் கை வைத்தாராம். கம்பெனியில் யார் தோளிலும் அவர் கை வைத்துப் பார்த்ததில்லை.

“நம்ம ஃபர்னஸ் ஒரு நாளும் அணையக்கூடாது. அணைஞ்சா உள்ளே இருக்கிற கண்ணாடி கல்லா இறுகிடும், உடைச்சுத்தான் எடுக்கணும். பண்டிகை வந்தா ஒரு பய நிக்கமாட்டேங்கிறான். பொண்டாட்டி, புள்ளைன்னு ஓடிடறானுங்க. உனக்குத்தான் பண்டிகை இல்லையே. இனிமே எல்லாப் பண்டிகைக்கும் ஃபர்னஸ் டூட்டி நீதான். ஃபர்னஸுக்குப் போற எண்ணெய் பிரஷர் மீட்டர் முள்ளைப் பாத்துக்கிட்டே இருக்கணும், இறங்கினா ஃபர்னஸ்காரனைக் கூப்பிடணும். வேற வேலை இல்ல. உன் நல்ல மனசுக்கு நான் செய்யறது.”

அவரால் என்ன சொல்ல முடியும்? “எனக்கு பொண்டாட்டி கீது சார்” என்று சொல்ல முடியுமா? அப்படிச் சொன்னால் இத்தனை நாள் உட்கார்ந்ததெல்லாம் என்ன ஆகும்?

வீட்டுக்கு வந்து சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். அந்த அம்மாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

“பர்மனென்ட் ஆய்ச்சி.”

“அப்ப தீபாவளி?”

“அதும் பர்மனென்ட் ஆய்ச்சி” என்றார் இவர், குரல் இறங்கி. விவரத்தைச் சொன்னார். முறம் நின்றது.

“எண்ணெ தேய்க்க ஊட்டுக்கு வாய்யான்னா, எண்ணெ முள்ளைப் பாக்க அனுப்பறானா?” அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். “கேட்டியா தம்பி? சாவு ஊடு ஊடா போய் சம்பாரிச்சது இத்தான். நானு உசுரோட கீறேன்னு ஒருத்தன்கிட்டகூட சொல்லல இந்த மனுசன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டு அரிசியில் கல் பொறுக்கினார்.

அந்தத் தீபாவளிக்கு அவர் ஃபர்னஸ் பக்கத்தில் இருந்தார். அடுத்ததற்கும் இருந்தார். பண்டிகை நாள்தோறும் மெட்ராஸிலிருந்து முதலாளியே போன் பண்ணுவார். ஃபர்னஸ் ஷெட்டில் ஒரு போன் உண்டு. “முள் எங்கே இருக்கு?” என்பார். இவர் எழுந்து நின்று, “அங்கியே கீது சார்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் இவருக்கு அதில் பெருமை உண்டு. “மேனேஜரே மொதலாளிகிட்ட பேசணும்னா சீட்டு எழுதி அனுப்பணும். எனக்கு அவரே போன் போடறாரு” என்பார். எனக்குச் சிரிப்பாக வரும். இத்தனை வருஷம் வாசல் வாசலாக அலைந்த மனிதர், கடைசியில் பெரிய முதலாளியைப் பிடித்துவிட்டார். ஆனால் அந்த முதலாளிக்கு இவர் பெயர் தெரியாது.

அதற்கு அடுத்த தீபாவளி. நான் அப்போதுதான் ஸ்கூட்டர் வாங்கியிருந்தேன், எங்கள் தெருவுக்கே முதல் ஸ்கூட்டர். பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் என் வாசலில் நின்றார். ஒரு கையில் தூக்கு, ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணம், இடுப்பில் துணி மூட்டை.

“தம்பி, வண்டிய எடு. கம்பெனிக்கு உடு.”

“இன்னா அண்ணி, நல்ல நாளும் அதுவுமா...”

“நல்ல நாளுன்னுதான் சொல்றேன். எடு.”

கேட்டில் வாட்ச்மேன் மறித்தான். வெளியாள் உள்ளே போகக் கூடாது, பாஸ் வேண்டும் என்றான்.

“எம் புருசன் தலைக்கு எண்ணெ வெக்க இன்னாத்துக்குப் பாசு? நீ வெச்சி உடறியா? இந்தா கிண்ணம்.”

வாட்ச்மேன் வழி விட்டான். ஃபர்னஸ் ஷெட்டில் எங்களைப் பார்த்ததும் அவர் பதறிப்போனார். “யாரு செத்தா?” என்றார் முதல் வார்த்தையாக.

“யாரும் சாவல. உக்காரு.”

“டூட்டிடி. முள்ளு...”

“முள்ளத் தம்பி பாத்துக்கும். லேத்துக்காரன்தான, கண்ணு தெரியும்.”

அங்கே காற்று அமுக்கும் கம்ப்ரஸரைக் குளிரவைத்து வரும் வெந்நீர் தொட்டியில் கொட்டிக்கொண்டே இருக்கும். அது வீணாகப் போகிற தண்ணீர். அந்த அம்மாள் அதைத் தொட்டுப் பார்த்து, “பாரேன், வெந்நீரு ரெடியா கீது” என்றார். அவரைத் தொட்டிப் பக்கத்தில் கவிழ்த்த பாட்டில் பெட்டியின்மேல் உட்கார வைத்து, சட்டையைக் கழற்றி, உச்சியில் எண்ணெயை வைத்து அழுத்தித் தேய்த்தார். அவருக்குத் தலை முன்பக்கம் வழுக்கை விழுந்திருந்தது. எனக்கு அதுவரை தெரியாது, எப்போதும் பின்முடியை முன்னால் இழுத்து வாரிய தலை. சீயக்காய் கண்ணில் வழிந்து அவர் “ஸ்ஸ்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

அவர் கண்ணை மூடியபடியே எழுந்தார். அந்த அம்மாள் எண்ணெய்க் கையால் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, போய் போனை எடுத்தார்.

“யாரு? ... மொதலாளியா? நல்லா கீறீங்களா? ... அவரு தலைக்குக் குளிச்சிகினு கீறாரு. ... நானு அவரு சம்சாரம். ... ஆமா, கீறேன். முள்ளு அங்கியே கீது. அப்பறமா பண்ணுங்க.”

வைத்துவிட்டார்.

“போச்சு” என்றார் அவர், முகமெல்லாம் நுரையோடு. “பர்மனென்ட் போச்சு. எல்லாம் போச்சு.”

“கண்ணத் தொறக்காத, எரியும்” என்று சொல்லி அந்த அம்மாள் தண்ணீரை மொண்டு ஊற்றினார். மொண்டு மொண்டு ஊற்றினார். அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து ஊற்றுகிற மாதிரி.

துவட்டி, புது வேட்டி கட்டியாயிற்று. தூக்கைத் திறந்தால் இட்லியும் கறிக்குழம்பும். ஷெட் முழுக்க அந்த மணம். எனக்கும் ஒரு இலை போட்டார். முள்ளை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், அசையாமல் நின்றது. இரண்டாவது இட்லியில் இருக்கும்போது மறுபடி போன் அடித்தது.

அவர் போனைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். “எடுக்கட்டா?” என்றார். அந்த அம்மாள் குழம்பைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

மணி விடாமல் அடித்தது. அடித்து அடித்து, தானாகவே நின்றது.

அவர் இன்னொரு இட்லி கேட்டார்.